சிங்கப்பூரில் மீன் சாப்பாடு: ஏமாறாமல் ருசிப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அய்யம்பாளையம்.

எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. தலையை நிமிர்த்தினால் மலை. பக்கத்தில் மருதாநதி அணை. எல்லாம் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை! எந்தப் பக்கம் புறப்பட்டாலும், பஸ்சில் பல மணி நேரம் போனால்தான் கடலைக் கண்ணால் பார்க்கலாம்.

அதனால் அந்த ஊர் ஜனங்களுக்கு மீன் ருசி தெரியாது என்று நினைத்து விடாதீர்கள். அணை மீன் உண்டு. ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனும் உண்டு. மீன்காரர் வண்டியை நிறுத்தி மணி அடித்தால் போதும். பெண்கள் கூடி விடுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். "இது நேத்து மீனு தம்பி, வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி விடுவார்கள். அவர்களை ஏமாற்ற முடியாது!

அந்த ஊரில் ஒரு தேங்காய் வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "அப்பா, அம்மாவை அழைத்துக் கொண்டு வந்து பத்து நாள் இருந்து விட்டுப் போங்கள்" என்று டிக்கெட் அனுப்புகிறான். திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரம். சிங்கப்பூர் வந்து விட்டது!

காலையில் மகன் வேலைக்குப் போய் விடுகிறான். மதியச் சாப்பாடு?

"ஏங்க, மீன் சாப்பாடு எங்கேயாவது கிடைக்குமா?"

"கிடைக்கும். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? எவ்வளவு கேட்பானோ! மகன் காசு ஆச்சே!"

அம்மா பெருமூச்சு விடுகிறாள். ஊரிலிருந்து கொண்டு வந்த ஊறுகாயைத் திறக்கிறாள். மோர்ச் சோறு!

இது கற்பனைதான். ஆனால், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய், பயத்தினால் அறைக்குள்ளேயே இருந்து விட்டுத் திரும்பும் பெற்றோர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. அம்மாவிடம் ஏற்கனவே இருக்கும் மீன் சாமர்த்தியத்தை அப்படியே சிங்கப்பூருக்கு எடுத்துக் கொண்டு போனால் போதும்!

மீன் தலைக்கு வந்த மதிப்பு

சிங்கப்பூரில் மீன் சாப்பாடு என்றால் முதலில் சொல்ல வேண்டியது "மீன் தலைக் கறி".

நம் ஊரில் மீன் தலையைக் குழம்பில் போடுவார்கள். வீட்டில் யாராவது ஒருவர் ஆசையோடு எடுத்துக் கொள்வார். ஆனால் தலையை மட்டும் தனியாக, ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பில் மிதக்க விட்டு, அதுதான் இன்றைய விசேஷம் என்று ஓட்டலில் விற்றால்?

அந்த யோசனை சிங்கப்பூரில் தோன்றியது. கேரளத்திலிருந்து அங்கே போன கோம்ஸ் என்பவர், 1949-ம் ஆண்டில் சோபியா ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார். மீன் தலைக் கறியை முதலில் விற்றது அவர்தான் என்று சொல்லுகிறார்கள்.

சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். கன்னத்துச் சதையை முதலில் எடுப்பார்கள். கண்ணையும் விட மாட்டார்கள். தென்னிந்தியக் குழம்பும், சீனர்களின் தலை ஆசையும் ஒன்று சேர்ந்தன. பிறந்தது ஒரு புதிய பண்டம்!

பிறகு 1969-ல் முத்தூஸ் கறி என்ற கடை தொடங்கியது. 1974-ல் பனானா லீஃப் அப்போலோ தொடங்கியது. இரண்டும் மீன் தலைக் கறியால் பேர் பெற்றவை. லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் நம்மவர் பகுதியில், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கின்றன. வாழை இலை போட்டுச் சோறு வைப்பார்கள். புளியும் மசாலாவும் சேர்ந்த குழம்பில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கிடக்கும். நடுவே சிவப்பு மீனின் தலை!

ஒருவர் மட்டும் போய் ஒரு தலையைச் சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. மூன்று நாலு பேர் பகிர்ந்து கொள்ளலாம். ஆகையால் இதற்கு மகனுக்கு விடுமுறை உள்ள நாளில், குடும்பத்தோடு போவது நல்லது. சட்டி சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து விலை மாறும். முதலிலேயே கேட்டுக் கொள்ள வேண்டும்.

தேக்காவுக்குப் போங்கள்

மற்ற நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

எந்த ஊருக்குப் போனாலும் நல்ல மீன் கடை எது என்று தெரிந்து கொள்ள ஒரு வழி உண்டு. முதல் நாள் காலையில் அந்த ஊர் மீன் சந்தைக்குப் போய் விடுங்கள். வாங்க வேண்டாம். சும்மா பார்த்தால் போதும். அன்று என்ன மீன் வந்திருக்கிறது, கிலோ என்ன விலை, எது புத்தம் புதிது என்பதெல்லாம் தெரிந்து விடும். சந்தை விலை தெரிந்தவரை ஓட்டல்காரர் ஏமாற்றுவது கடினம்.

சிங்கப்பூரில் அதற்கு ஏற்ற இடம் தேக்கா. சிராங்கூன் ரோட்டின் தொடக்கத்தில், லிட்டில் இந்தியா ரெயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1982-ல் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தை. இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். மாடியில் துணிக்கடைகள்.

தேக்காவில் தமிழிலேயே பேசலாம். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று நாலு மொழிகளுக்கும் அரசாங்கம் இடம் கொடுத்திருக்கிறது. பொது இடங்களில் பல அறிவிப்புப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். கடல் கடந்து போய், முன்பின் தெரியாத ஊரில், எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும்போது வருகிற தைரியம் இருக்கிறதே, அது பெரிது!

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். சிங்கப்பூர் சந்தைகளில் பல மீன் கடைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும். மீன் பார்க்கப் போகிறவர்கள் வேறு நாளில் போங்கள். காலையிலேயே போங்கள்.

தட்டுக் கடைகளின் கதை

சந்தைக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன என்றோமே, அவற்றுக்கு "ஹாக்கர் சென்டர்" என்று பெயர். தமிழில் "உணவங்காடி நிலையம்" என்கிறார்கள்.

முன்பு சிங்கப்பூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான தள்ளுவண்டிக் கடைகள் இருந்தன. தண்ணீர் வசதி இல்லை. குப்பை சேர்ந்தது. ஈ மொய்த்தது. 1968, 1969-ம் ஆண்டுகளில் அரசாங்கம் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, குழாயும் சாக்கடையும் கூரையும் உள்ள கட்டடங்கள் கட்டி, அவர்களைக் குடியேற்றியது. இன்று அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில், யுனெஸ்கோ நிறுவனம் இந்தச் சாப்பாட்டுப் பண்பாட்டை மனித குலத்தின் அருவமான பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

இங்கேதான் சிங்கப்பூர் ஜனங்கள் தினமும் சாப்பிடுகிறார்கள். பெரிய ஓட்டலை விட விலை குறைவு. சமைப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பல கடைகளில் பணத்தை முதலில் கொடுத்து விட்டுத் தட்டை வாங்கிக் கொள்ள வேண்டும். ஆகையால் "பிறகு எவ்வளவு பில் வருமோ" என்ற பயம் இல்லை.

காலி மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ மறந்து விட்டுப் போனதாக நினைத்து எடுத்து விடாதீர்கள். "இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது" என்று அதற்குப் பொருள்! நம் ஊர் பஸ்சில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே கதைதான்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துப் போய், அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கண்டிப்பாக அமலில் இருக்கிறது. தட்டை அப்படியே விட்டுப் போனால் முதல் முறை எச்சரிக்கை. மறுபடியும் செய்தால் அபராதம்!

எந்தக் கடையில் உட்காருவது?

பத்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் மீன். எதில் நுழைவது?

கூட்டத்தைப் பாருங்கள். கூட்டம் என்றால் வெறும் கூட்டம் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் நிற்கும் வரிசை. குழந்தையோடு வந்த தாய், சீருடையோடு வந்த தொழிலாளி, கைத்தடியோடு வந்த தாத்தா நிற்கும் வரிசை. மீன் கடையில் கூட்டம் இருந்தால் சரக்கு தேங்காது. தேங்காத சரக்குதான் நல்ல சரக்கு.

நல்ல மீன் கடைக்கு இன்னொரு அடையாளம் உண்டு. சில பண்டங்களுக்கு நேராக "தீர்ந்து விட்டது" என்பார்கள். வருத்தப்படாதீர்கள். மகிழ்ச்சி அடையுங்கள்! கொஞ்சமாக வாங்கி, அன்றைக்கே விற்று முடிக்கிறார்கள் என்று அர்த்தம். நூறு வகை மீன் பண்டம் எப்போது கேட்டாலும் உண்டு என்று சொல்லும் கடையை விட, பத்து வகை மட்டும் செய்யும் கடை மேல்.

வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடைக்குப் போகாதீர்கள். நல்ல மீன் வைத்திருப்பவருக்கு வாசலில் நின்று கூவ நேரம் இருக்காது! சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் அப்படி ஆளை இழுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும்.

இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் கடைகளுக்கு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நட்சத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சமீபத்தில் போனவர்கள் எடுத்த படங்களையும், அவர்கள் சொன்ன விலையையும் பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் விடச் சிறந்த யோசனை கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. மகன் குடியிருக்கும் கட்டடத்தைக் கூட்டும் அம்மாளையோ, டாக்சி டிரைவரையோ கேளுங்கள். "வெளியூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுவார்கள்?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் உங்கள் குடும்பத்தோடு மீன் சாப்பிட எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்!

938 டாலர் நண்டு!

சிங்கப்பூரின் மற்றொரு புகழ் பெற்ற பண்டம் மிளகாய் நண்டு. 1956-ம் ஆண்டில் சேர் யாம் தியான் என்ற சீனப் பெண்மணி, காலாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் விற்றார். ஆவியில் வேக வைத்த நண்டு அலுத்து விட்டது, வேறு மாதிரி செய்து கொடு என்று கணவர் கேட்டார். மனைவி தக்காளிச் சாற்றையும் மிளகாயையும் சேர்த்துப் பார்த்தார். கணவர் கேட்டது, ஒரு நாட்டுக்கே பெருமை தேடித் தந்து விட்டது!

ஆனால் இந்த நண்டில்தான் ஆபத்தும் இருக்கிறது. கடித்து விடும் என்பதால் அல்ல. விலையினால்!

2023 ஆகஸ்டில் நடந்தது இது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெண், வேறு மூன்று பேரோடு சிங்கப்பூரில் ஒரு பெரிய மீன் ஓட்டலுக்குப் போனார். அலாஸ்கா ராஜ நண்டு கொண்டு வரச் சொன்னார். சாப்பிட்டார்கள். பில் வந்தது. நண்டுக்கு மட்டும் 938 டாலர்! நம் பணத்தில் ஐம்பத்தாறாயிரம் ரூபாய்க்கும் மேல். அந்தப் பெண் திகைத்துப் போய்ப் போலீசைக் கூப்பிட்டார்.

எப்படி வந்தது அந்தத் தொகை? கணக்கைப் பாருங்கள். விலைப் பட்டியலில் இருந்தது 26 டாலர் 80 காசு. ஆனால் அது முழு நண்டின் விலை இல்லை. 100 கிராமின் விலை! நண்டு மூன்றரைக் கிலோ. அதாவது முப்பத்தைந்து நூறு கிராம். 26.80-ஐ 35-ஆல் பெருக்குங்கள். 938 சரியாக வருகிறது!

விலை எங்களுக்குப் புரியும்படி சொல்லப்படவில்லை என்றார் அவர். முன்பே விளக்கினோம் என்றது ஓட்டல். கடைசியில் ஓட்டல் நூறு டாலருக்குச் சற்று அதிகமாகத் தள்ளுபடி கொடுத்தது. மீதியைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

தெருக்கடை என்றாலும் ஜாக்கிரதை வேண்டும். 2009-ல், நியூட்டன் என்ற புகழ் பெற்ற உணவங்காடி நிலையத்தில், அமெரிக்கர்கள் ஆறு பேர் சாப்பிட்டார்கள். பில் 491 டாலர். அதில் எட்டே எட்டு இறாலுக்கு 239 டாலர்! புகார் போயிற்று. அந்தக் கடையை மூன்று மாதம் மூடி வைத்தது அரசாங்கம்.

பார்த்தீர்களா? ஜப்பான்காரரும் அமெரிக்கரும்கூடத் தடுமாறிய இடம் இது. ஆகையால் "நமக்கு விவரம் போதாதோ" என்று யாரும் குன்றிப் போக வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததுதான் இந்தச் சங்கடத்துக்குக் காரணம்.

மூன்று கேள்விகள்

மீன், இறால், நண்டு எதுவாக இருந்தாலும், அடுப்பில் ஏறுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: "இந்த விலை எவ்வளவு எடைக்கு?" கிலோவுக்கா, 100 கிராமுக்கா, ஒரு தட்டுக்கா?

இரண்டு: "இந்த மீன் எத்தனை கிராம் இருக்கிறது?" கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

மூன்று: "அப்படியானால் மொத்தம் எவ்வளவு?" வாயால் சொன்னால் போதாது. ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விலைப் பட்டியலில் சில பண்டங்களுக்கு எண்ணே இருக்காது. "அன்றைய விலை" என்று மட்டும் போட்டிருக்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை. கடல் மீனின் விலை தினமும் ஏறி இறங்கும். ஆனால் "இன்றைய விலை என்ன?" என்று கேட்காமல் தலையாட்டி விடக் கூடாது.

விலை கட்டாது என்று தோன்றினால், "வேண்டாம்" என்று சொல்லி விட்டு எழுந்து வரலாம். சமைப்பதற்கு முன்னால் எழுந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாப்பிட்ட பிறகு வாதாடுவதுதான் கஷ்டம்.

பில்லில் ஒளிந்திருப்பவை

பெரிய ஓட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள். பலர் அதைக் கவனிப்பதில்லை.

முதல் கூட்டல் குறி, பரிமாறும் கூலி. நூற்றுக்குப் பத்து. இரண்டாவது கூட்டல் குறி, அரசாங்கத்தின் வரி. 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு ஒன்பது.

100 டாலருக்குச் சாப்பிட்டால், பரிமாறும் கூலி சேர்ந்து 110 ஆகிறது. அந்த 110-க்கு வரி 9 டாலர் 90 காசு. கொடுக்க வேண்டியது 119 டாலர் 90 காசு! பரிமாறும் கூலியைப் பில்லிலேயே வாங்கி விடுவதால், சர்வருக்குத் தனியாக இனாம் கொடுக்க வேண்டியதில்லை. இனாம் கொடுக்கும் வழக்கமே அங்கே குறைவு.

சீன ஓட்டல்களில் உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் வேர்க்கடலையும், கை துடைக்க ஈரத் துணியும் வரும். மரியாதைக்கு வைக்கிறார்கள் என்று நினைப்போம். பல இடங்களில் அதற்கும் பில் உண்டு! தேவை இல்லை என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்து விடுங்கள்.

வயிறு பத்திரம்

காசு போனால் சம்பாதிக்கலாம். வெளிநாட்டில் உடம்புக்கு வந்தால்? பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

சிப்பியை அரை வேக்காட்டில் சாப்பிடாதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சிலவகை நூடுல்சில் சிப்பியை லேசாக வெந்நீர் காட்டிப் போடுவார்கள். சிவந்த சாறு வழிய வேண்டும் என்பது சிலருடைய ருசி. நமக்கு அது வேண்டாம். சிப்பி தண்ணீரை வடிகட்டி வாழும் பிராணி. தண்ணீரில் உள்ள கிருமி அதனுள்ளே சேர்ந்து விடும். 1988-ல் சீனாவின் ஷாங்காய் நகரில், சரியாக வேகாத சிப்பியைச் சாப்பிட்டதால் சுமார் மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. "நன்றாக வேக வையுங்கள்" என்று சொல்லி வாங்குங்கள்.

பச்சை மீனும் வேண்டாம். 2015-ல் சிங்கப்பூரில் ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிட்ட பலரைக் கிருமி தாக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில், கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்கு அரசாங்கம் தடை போட்டது.

சூரை, அயிலை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதில் ஒரு நச்சு உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல நாக்கு சுரீர் என்றால், துப்பி விடுங்கள். முகம் சிவந்து அரிப்பு எடுத்தால் டாக்டரிடம் போங்கள்.

வெந்த இறாலைப் பல்லில் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். மாவு போலக் கரைந்தால் பழையது. மீன் எவ்வளவு மசாலா போட்டாலும் புளித்த நாற்றம் அடித்தால் பழையது. "காசு கொடுத்து விட்டோமே" என்று விழுங்க வேண்டாம்.

இறால், நண்டு ஒத்துக் கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லி விட வேண்டும். "பெலாசான்" என்று ஒன்று உண்டு. சின்ன இறாலை உப்புப் போட்டு அரைத்துப் புளிக்க வைப்பது. அதைக் கீரைப் பொரியலில்கூடச் சேர்ப்பார்கள். விரத நாளில் கீரைதானே என்று வாங்கிச் சாப்பிட்டு விடப் போகிறீர்கள்! பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பவர்கள், "ஹலால்" முத்திரை உள்ள கடையாகப் பார்த்துப் போகலாம்.

கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்

சிங்கப்பூர், மலேசியக் கடைகளில் மலாய்ப் பெயர்கள் அதிகம் வழங்கும். இதோ சில:

இக்கான் என்றால் மீன்.
ஊடாங் என்றால் இறால்.
கெத்தாம் என்றால் நண்டு.
சோத்தோங் என்றால் கணவாய்.
கெராங் என்றால் சிப்பி.
தெங்கிரி என்றால் வஞ்சிரம்.
பாவால் என்றால் வாவல்.
சியாக்காப் என்றால் கொடுவா.
கெராப்பு என்றால் களவா.
பாரி என்றால் திருக்கை.
இக்கான் பிலிஸ் என்றால் நெத்திலி.
பெராப்பா என்றால் "என்ன விலை?"

கடைசிச் சொல்தான் மிகவும் முக்கியம். மற்றதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்!

வேறு ஊருக்குப் போனாலும்

சிங்கப்பூர் மட்டும் இல்லை. கொழும்புக்குப் போனாலும், பினாங்குக்குப் போனாலும், துபாய்க்குப் போனாலும் இதே வழிதான்.

கொழும்பில் காலிமுகத் திடலில் மாலை நேரத்தில் இறால் வடை விற்பார்கள். பருப்பு வடையின் மேல் முழு இறால் உட்கார்ந்திருக்கும். சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துத் தரும் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த "நாசி கண்டார்" கடைகள் உண்டு. சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றுவார்கள். மீன் முட்டையும் பெரிய இறாலும் ஆசை காட்டும். கை காட்டுவதற்கு முன் விலை கேளுங்கள்.

துபாயில் தேரா பகுதியில் 2017-ல் புதிய மீன் சந்தை திறந்தார்கள். அங்கே நாமே மீனைப் பார்த்து வாங்கி, அங்கேயே சமைத்துத் தரச் சொல்லலாம். மீன் பார்க்கத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விட நல்ல இடம் ஏது?

அய்யம்பாளையத்து அம்மாள்

நாம் நினைத்துக் கொண்ட அந்தத் தேங்காய் வியாபாரியையும் அவர் மனைவியையும் மறந்து விட்டோமே!

மூன்றாம் நாள் காலை. ஊறுகாய் ஜாடியை மூடி வைத்து விட்டு அம்மாள் எழுந்தாள்.

"வாங்க, போய்ப் பார்த்து விட்டு வருவோம்."

"வழி தெரியுமா?"

"வாயில்தான் வழி இருக்கிறது."

தேக்காவில் மீன் கடைகளைச் சுற்றி வந்தாள். ஒரு செப்பிலி மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். ரத்தச் சிவப்பு! கடைக்காரர் சிரித்தார்.

"ஊரிலிருந்து வந்திருக்கீங்களா அம்மா?"

"ஆமாம் தம்பி. இந்த மீனை நல்லபடியாகச் சமைச்சுப் போடுகிற கடை எது? நீ எங்கே சாப்பிடுவாய்?"

அவர் கை காட்டினார். அந்தக் கடையில் வரிசை இருந்தது. இருவரும் நின்றார்கள். முறை வந்ததும் அம்மாள் கேட்ட முதல் கேள்வி: "என்ன விலை தம்பி?"

அன்று மாலை மகன் வேலையிலிருந்து திரும்பினான். "மதியம் என்னம்மா சாப்பிட்டீர்கள்?" என்று கவலையோடு கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை உன்னை ஒரு இடத்துக்கு அழைத்துக் கொண்டு போகிறேன், வா" என்றாள் தாய்.

கற்பனைதான். ஆனால் நடக்கக் கூடியது. மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கவும், தராசைக் கவனிக்கவும், வாய் திறந்து விலை கேட்கவும் தெரிந்தவருக்கு எந்த ஊரும் அன்னிய ஊர் இல்லை!